விடுவிப்புப் படிவம்

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் எனக்கு ஒரே ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது. கிடைத்தால் ஜனவரியில் நர்சிங் பள்ளியில் இடம். கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. இரண்டாம் வருஷம் முடிந்துவிட்டால் நர்சிங்கில் சேர்க்க மாட்டார்கள், நான் இரண்டாம் வருஷத்தில் இருந்தேன். நடுவருஷத்தில் எடுக்கும் ஆறு பேரில் என் பெயரும் வந்திருந்தது. ஆனர்ஸ் திட்டத்திலிருந்து என்னை விடுவித்ததாக ஒரு படிவம் மட்டும் கொண்டுவா என்றார்கள். ஒற்றைப் பக்கம், அடியில் ஒரு கோடு. கோட்டின் மேல் விடுதியின் பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்டால், நீங்கள் வெல்டன் விடுதியில் இருந்ததில்லை என்று அர்த்தம்.

அந்த ஆனர்ஸ் திட்டம் நடப்பதே இந்த விடுதியில்தான். நாங்கள் இருபத்தாறு பேர். இலக்கியம், தத்துவம், வரலாறு, எல்லாரும் பொறுக்கியெடுத்த பிள்ளைகள். மேலே இரண்டு மாடியில் தூக்கம், கீழே சாப்பாடு, அதற்கும் கீழே நிலவறையில் வகுப்பு, மாடிப்படிக்குப் பின்னால் பேராசிரியரின் வீடு. படிப்பும் வாழ்க்கையும் பிரிந்துவிடக் கூடாது என்பது இதைத் தொடங்கியவர்களின் ஆசையாம். நிறைவேறிவிட்டது. காலையில் எவனோடு தனிமையைப் பற்றி வாதம் பண்ணினேனோ அவனே மதியம் எதிரில் உட்கார்ந்து சூப் குடிப்பான். சாயங்காலம் துணி துவைக்கப் போனால் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு, "காலையில நீ சொன்னதை யோசிச்சுப் பாத்தேன் கெல்சி" என்பான்.

கதவை மூடிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் பத்து நிமிஷத்தில் ஒரு தட்டல் கேட்கும். "நல்லாத்தானே இருக்கே?" என்று ஒரு குரல். அன்பாகத்தான் கேட்பார்கள். எரிச்சலே அதுதான். கெட்டவர்கள் என்றால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

நவம்பரில் பனி விழ ஆரம்பித்த பிறகு நான் வீட்டுச் செருப்போடுதான் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள் குளிர்காலக் கோட்டை எடுக்கப் போனபோது அதன் தோளில் தூசி படிந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன். பதினோரு நாளாக நான் கட்டடத்தை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. யாரும் பூட்டி வைக்கவில்லை, வெளியே போக ஒரு காரணம்தான் இல்லாமல் போயிருந்தது. அன்று எனக்கு மூச்சு முட்டியது.

நான் அயோவாக்காரி. எங்கள் ஊர் சிறியது, பன்றிப் பண்ணைகளும் ஒரு முதியோர் இல்லமும் இருக்கிற ஊர். இரண்டாம் வருஷம் தொடங்கும் முன் வந்த கோடை மூன்று மாதமும் அந்த இல்லத்தில் வேலை பார்த்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. அங்கே எட்வின் குபிசெக் என்று ஒரு பழைய பண்ணைக்காரர். நான் போனபோது அவர் குதிகாலில் படுக்கைப் புண் ஆழமாகக் குழிந்திருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் போட வேண்டும், குதிகால் மெத்தையில் படாமல் தலையணை வைக்க வேண்டும். அவர் என்னைத் திட்டிக்கொண்டே திரும்புவார். ஆகஸ்டு கடைசியில் புண் மூடியது. அந்த இளஞ்சிவப்புத் தோலைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் அதுவரை எந்தக் கட்டுரைக்கு எந்த மதிப்பெண் வாங்கியும் வந்ததில்லை.

அக்டோபரில் ஒரு நாள் வகுப்பில் துன்பம் என்ற தலைப்பு. இரண்டரை மணி நேரம் பேசினார்கள். அழகாகத்தான் பேசினார்கள். அடுத்தவர் துன்பத்துக்கு நாம் எப்படிச் சாட்சியாக நிற்பது என்பது கேள்வி. கடைசியில் பேராசிரியர், "கெல்சி, நீ ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடணும்" என்றேன். "குதிகால் மெத்தையில படக் கூடாது."

லியாண்டர் மெதுவாகத் தன் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டான். லியாண்டர் பாஸ்டனில் ஒரு நீதிபதியின் மகன், எங்களில் நன்றாகப் படிப்பவன். "திருப்பிப் போடறது" என்றான். "சாட்சிங்கறது பாக்கறது இல்ல, பாக்கற பக்கத்தை மாத்தறது. மெத்தைன்னா சௌகரியம். சௌகரியத்துல கால் படக் கூடாது. பிரமாதம் கெல்சி."

"லியாண்டர், நான் நிஜமாவே புண்ணைத்தான் சொல்றேன்."

"தெரியுது, தெரியுது. அதனாலதான் அது இவ்வளவு வலிமையா இருக்கு."

அந்த வாரம் முழுக்க என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். குளியலறைக் கண்ணாடியில் யாரோ ஒட்டியும் வைத்தார்கள். குபிசெக் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். கண்ணாடியில் அதைப் பார்த்த ராத்திரியே நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டேன்.

கெடு முடிகிற வாரம், திங்கட்கிழமை படிவத்தை எடுத்துக்கொண்டு பேராசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பெயர் மெர்ரில் ஆல்டன். அறுபது வயது, வெறுங்காலோடு நடப்பார். அவரை நாங்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பேராசிரியர் என்று சொன்னால் முகம் வாடிவிடும். என்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அதுவும் என் தலையெழுத்து.

படிவத்தை இரண்டு முறை படித்தார். தேநீர் போட்டார்.

"இது கஷ்டமே இல்ல கெல்சி. ஒரு நொடி வேலை."

"அப்ப போட்டுடுங்களேன் மெர்ரில்."

"ஆனா நீ போறது இந்த வீட்டைத் தொடற விஷயம். நான் தனியா முடிவு பண்ணினா அது அதிகாரம் ஆயிடும். புதன்கிழமை வட்டத்துல வை. எல்லாரும் மனசார ஒத்துக்கட்டும், அங்கேயே போட்டுத் தர்றேன்."

வட்டம் என்பது புதன்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பொது அறையில் தரையில் உட்கார்ந்து பேசுவது. வெல்டனில் ஓட்டெடுப்பு கிடையாது, முப்பத்தொரு வருஷமாகக் கிடையாது. அதில் எல்லாருக்கும் அவ்வளவு பெருமை. ஒரு மரக் கரண்டி கைமாறிக்கொண்டே போகும், யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். எல்லாருக்கும் மனம் ஒப்பினால்தான் முடிவு. ஒருவருக்கு ஒப்பவில்லை என்றாலும், "விஷயம் திறந்திருக்கட்டும்" என்பார்கள். ரொட்டி வாட்டும் இயந்திரத்தை எந்த மேஜையில் வைப்பது என்ற விஷயம் நான் சேர்வதற்கு முன்னாலிருந்து திறந்தே இருக்கிறது.

புதன்கிழமை கரண்டியை வாங்கிக்கொண்டு சொன்னேன். "நான் நர்சிங் பள்ளிக்குப் போறேன். இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள படிவம் குடுக்கணும். நீங்க எல்லாரும் சரின்னா மெர்ரில் கையெழுத்துப் போடுவாங்க. அவ்வளவுதான்."

யாரும் அசையவில்லை. வெல்டனில் கெட்ட செய்தி வந்தால் எல்லாரும் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள்.

லியாண்டர் கரண்டியை வாங்கினான். "முதல்ல உன் தைரியத்துக்கு நன்றி கெல்சி. ஆனா 'போறேன்'ங்கற வார்த்தைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு நாம கேக்கணும். இங்க நாம எல்லாருமே உடம்பை மறந்துட்டுப் பேசறோம். கெல்சி அந்த மறதியை நமக்குச் சுட்டிக்காட்டறா. அவ போகணும்னு சொல்லல, நாம மாறணும்னு சொல்றா."

"நான் போகணும்னுதான் சொல்றேன்" என்றேன்.

"கெல்சி, கரண்டி உன்கிட்ட இல்ல" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

கரண்டி சுற்றி வந்தது. ஒருத்தி, தானும் முதல் வருஷத்தில் போய்விட நினைத்ததாகவும் இப்போது நன்றியோடு இருப்பதாகவும் சொன்னாள். ஒருத்தன், உடம்பைப் பற்றி வாராவாரம் ஒரு வாசிப்புக் குழு தொடங்கலாம், அதைக் கெல்சியே நடத்தட்டும் என்றான். அதற்கு எல்லாரும் கைதட்டலுக்குப் பதிலாக விரலைச் சொடுக்கினார்கள். இன்னொருத்தி, சின்ன ஊரிலிருந்து வந்த பிள்ளைக்குத் தாங்கள் இடம் கொடுக்கவில்லை என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். நானே போய் அவளைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. என் அறைத்தோழி கஸ் மட்டும் கரண்டி வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்தவனிடம் தள்ளிவிட்டாள்.

ஒருவரும் மறுக்கவில்லை. ஒருவரும் சரி என்றும் சொல்லவில்லை. இன்னும் புரிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மெர்ரில் என் தோளில் கை வைத்தார்.

"விஷயம் திறந்திருக்கட்டும். நீ ஒண்ணு பண்ணு. எழுத்துல குடு. நீ எழுதினா எல்லாருக்கும் புரியும். நாளைக்குச் சாயங்காலம் என் கதவுக்கு அடியில போட்டுடு. வெள்ளிக்கிழமை காலையில காப்பிக்கு எல்லாரும் இருப்பாங்க, படிச்சுட்டு முடிச்சுடலாம்."

அறைக்கு வந்ததும் கஸ் மீது பாய்ந்தேன். அவள் முழுப்பெயர் அகஸ்டா. வெர்மான்ட்காரி, வரலாறு படிக்கிறாள், தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டாள்.

"நீயாவது சரின்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன ஆகும்? நான் ஏன் உன்னைத் தொரத்தறேன்னு அடுத்த வாரம் அதுக்கு ஒரு வட்டம் போடுவாங்க. எதுக்கு வம்பு."

"நான் சொல்றது ஒருத்தருக்கும் புரியலையா கஸ்?"

"புரியுது. சாதாரணமா இருக்கறதால நம்ப முடியல அவங்களுக்கு." காலுறையைக் கழற்றி எறிந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. ரெண்டே வரி எழுது. நர்ஸ் ஆகணும், கையெழுத்து வேணும். அவ்வளவுதான். மூணாவது வரி எழுதினே, செத்தே."

வியாழக்கிழமை காலை நூலக மேஜையில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியை எழுதினேன். 'நான் நர்ஸ் ஆக விரும்புகிறேன். தயவுசெய்து படிவத்தில் கையெழுத்திடுங்கள்.' பார்த்தேன். மொட்டையாக இருந்தது. அழுதவளுக்கு இது முகத்தில் அடித்த மாதிரி இருக்குமே என்று தோன்றியது. மெர்ரில் என் மேல் வைத்திருந்த பிரியத்தையும் நினைத்துக்கொண்டேன். நன்றி சொல்லி ஒரு வரி சேர்க்கலாம் என்று பேனாவை வைத்தேன்.

அந்த வரி என்னைக் கவிழ்த்தது. நன்றி எதற்கு என்று விளக்க வேண்டியிருந்தது. அதை விளக்கினால், பிறகு ஏன் போகிறாய் என்ற கேள்வி வந்தது. குபிசெக்கின் குதிகாலை எழுதினேன். சொல்லுக்கும் கைக்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் பற்றி எழுதினேன். ஒரு வாக்கியம் முடிகிற இடத்தில் அடுத்தது தானாக வந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. நாலு மணிக்குத் தலை நிமிர்ந்தபோது ஏழு பக்கம் ஆகியிருந்தது, அதில் ஒரு சொல்லை எடுக்க எனக்கு மனமில்லை. முதல் இரண்டு வரி மட்டும் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நின்றதால் அதை அடித்துவிட்டேன்.

மெர்ரில் கதவுக்கு அடியில் தள்ளப் போகும்போது கஸ் எதிரே வந்தாள். தாள்கட்டின் கனத்தைப் பார்த்தாள்.

"அடிப்பாவி" என்றாள். படியேறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பத்தரை வரைக்கும் வேறு வகுப்பு, அதுவும் நிலவறையில்தான். முடித்து மேலே வந்தபோது காப்பி வட்டம் கலைந்துகொண்டிருந்தது. லியாண்டர் வழியில் நின்று என்னைக் கட்டிக்கொண்டான். "எனக்கு ஒரு பிரதி வேணும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனை விலக்கிவிட்டு மெர்ரிலைத் தேடினேன்.

மெர்ரில் கையில் என் ஏழு பக்கம். ஓரமெல்லாம் பச்சை மையில் குறிப்புகள்.

"நானே சத்தமா படிச்சேன். யாரும் காப்பியைத் தொடல" என்றார். "முப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒண்ணு வந்ததில்ல."

"நன்றி மெர்ரில். படிவம்?"

"உட்காரு."

"மணி பத்து ஐம்பது ஆச்சு. அந்த ஆபீஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கு."

"கெல்சி, ஒருத்தி ஒரு இடத்தை விட்டுப் போறதை இவ்வளவு அழகா எழுதினா, அவ அந்த இடத்தை விட்டுப் போகலைன்னு அர்த்தம். இதை எழுதினவளை நான் எப்படி அனுப்புவேன்? நான் மாட்டேன்னு சொல்லல. வட்டமும் சொல்லல. எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது ஒண்ணுதான், நீ இங்கதான் இருக்கே."

"நான் நர்ஸ் ஆகணும்."

"மூணாம் பக்கத்துல அதைப் பத்தி எவ்வளவு நுட்பமா யோசிச்சிருக்கே பாரு. அங்க ஒரு கேள்வி போட்டிருக்கேன்."

நாற்பது நிமிஷம் வாதாடினேன். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலர்ந்தது. கடைசியில் படிவத்தை என் கையில் கொடுத்தார். கையெழுத்துக் கோட்டின் மேல் பச்சை மையில், சாய்ந்த எழுத்தில் எழுதியிருந்தது: 'இன்னும் பேசுவோம்.'

அவர் மீது அப்போது வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் முழுக்க இறக்கி வைக்க முடியவில்லை. ஆனால் கத்தக்கூட முடியவில்லை, அவர் கண்ணில் அவ்வளவு பாசம். மேலே ஓடிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. பனியில் வழுக்கி வழுக்கி ஏரிக்கரையோடு ஓடினேன்.

நர்சிங் பள்ளி அலுவலகத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்தபோது பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்மணி, சட்டையில் டோரீன் என்று பெயர்ப்பட்டை. படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கையெழுத்து இல்லையே கண்ணு."

"இல்ல."

"போட மாட்டேன்னுட்டாங்களா?"

"மாட்டேன்னும் சொல்லல."

என் முகத்தைப் பார்த்தார். மூச்சு வாங்க, மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். மேஜையிலிருந்து வேறொரு தாளை இழுத்தார்.

"சரி, அழாதே. டீன் உள்ளதான் இருக்காங்க. கையெழுத்து இல்லாட்டியும் அவங்க நினைச்சா சேத்துக்கலாம், வருஷத்துக்கு ரெண்டு மூணு பேருக்குப் பண்ணியிருக்காங்க. இந்தக் கட்டத்துல காரணம் எழுதணும். ஒரு வரி போதும். நீ சொல்லு, நான் எழுதி உள்ள கொண்டு குடுக்கறேன். நீ ஏன் நர்ஸ் ஆகணும்?"

பேனா தயாராக இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அதை ஒரு காரணம்னு சொல்ல முடியுமான்னு தெரியல" என்றேன். "ஒருத்தருக்கு வலிக்குதுன்னு நமக்குத் தெரியறதும், அந்த வலிக்குப் பக்கத்துல நாம இருக்கறதும் ஒண்ணு இல்ல. அந்த ரெண்டுக்கும் நடுவுல…"

டோரீன் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். "இதுல எதை எழுதட்டும்?"

"இல்ல, என்ன சொல்ல வர்றேன்னா, 'ஏன்'னு கேக்கும்போதே நாம ஒரு பதிலை எதிர்பாத்துடறோம் இல்லையா…"

பின்னால் நின்ற பையன் பூட்ஸைத் தரையில் தட்டினான்.

"கண்ணு, மணியைப் பாரு." அவர் குரலில் இன்னும் பொறுமை இருந்தது. "சரி, சுலபமா கேக்கறேன். வயசானவங்க, நோயாளிங்க யாரையாவது கவனிச்ச அனுபவம் இருக்கா? ஆமா, இல்ல, ஏதாவது ஒண்ணு சொல்லு."

மூன்று மாதம். தினம் எட்டு மணி நேரம்.

"கவனிக்கறதுன்னு நீங்க எதைச் சொல்றீங்கங்கறதைப் பொறுத்தது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வெல்டன் என் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருந்தது, அதை நான் ஏரியைத் தாண்டி இங்கே கொண்டுவந்திருந்தேன். ஆமா என்று சொல்ல நாக்கைத் தேடினேன். அதற்குள் டோரீன் கட்டத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. 'இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.' ஒரே வரிதான். கட்டத்துக்குள் சரியாக அடங்கியது. கிண்டலே இல்லாமல், எனக்கு உதவி செய்வதாகத்தான் எழுதினார்.

"தப்பில்ல கண்ணு. உன் வயசுல யோசிக்கறது நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அந்தத் தாளை டீனிடம் கொண்டுபோகாமல் தன் இடது பக்கத் தட்டில் போட்டார்.

"ஆமா" என்றேன். "ஆமா. கவனிச்சிருக்கேன்."

பையன் என் தோளைத் தாண்டிக் கையை நீட்டித் தன் படிவத்தைக் கொடுத்துவிட்டான். டோரீன் அதில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.